முதல் கப் ஆர்கோஸுக்குத்தான் போச்சு

இதை எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாளா யோசிச்சிட்டே இருந்தேன். கிரீஸ்ல இருக்கிற ஒரு ஹேண்ட்பால் கிளப்பப் பத்தி தமிழ்ல எழுதினா யாரு படிப்பாங்கன்னு ஒரு பக்கம் தோணுது. இன்னொரு பக்கம், நான் ஒரு தப்பான தகவல நாலஞ்சு பேர்கிட்ட ரொம்ப உறுதியா சொல்லிட்டேன், அதுல ஒருத்தர் அதை இன்னும் பத்து பேருக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டாரு, அதைத் திருத்தாம விட்டா எனக்கு தூக்கம் வராது. அதனால எழுதுறேன்.

2024 கடைசில எங்க கப்பல் ரிப்பேருக்காக ஏதென்ஸோட துறைமுகமான பிரேயஸ் பக்கத்துல பெரமா யார்டுல நின்னுச்சு. கப்பல் யார்டுல நிக்கிற நாளுங்க எப்படி இருக்கும்னு கப்பல்ல வேலை பாத்தவங்களுக்குத் தெரியும், பகல் பூரா சத்தம், சாயந்தரம் திடீர்னு ஒண்ணும் இல்ல. அங்க ஒரு வெல்டர், ஏதென்ஸோட ஏ.இ.கே கிளப்புக்கு உயிரைக் குடுக்கிற ஆளு, சாப்பாட்டு நேரத்துல போன்ல ஹேண்ட்பால் மேட்ச் பாத்துட்டு இருப்பாரு. கையால பந்த எறிஞ்சு கோல் போடுற அந்த ஆட்டம் எனக்கு ஒலிம்பிக்ஸ்ல பாத்த அளவுக்குத்தான் தெரியும். அவர் பக்கத்துல உக்காந்து பாத்துப் பாத்து எனக்கும் அது ஒட்டிக்கிச்சு. ஒரு நாள் அவர் சொன்னாரு, ஹேண்ட்பால்ல ஐரோப்பிய கப் ஜெயிச்ச முதல் கிரேக்க டீம் நாங்கதான், 2021ல, ஸ்வீடன் டீம தோக்கடிச்சு. 2021ல ஏ.இ.கே ஜெயிச்சது நிஜம், ஃபைனல்ல ஸ்வீடனோட இஸ்டாட் டீம அடிச்சுதான் ஜெயிச்சாங்க. அந்த வெற்றிய நான் ஒரு துளி கூட குறைக்கல. கான்ஸ்டான்டினோபிள்ல, அதாவது இன்னைக்கு இஸ்தான்புல்ல, இருந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்த அகதிகள் 1924ல ஆரம்பிச்ச கிளப் அது, அவங்க ஜெயிக்கும்போது அந்த வெல்டர் மாதிரி ஆளுங்க அழுவாங்க, அவரும் அன்னைக்கு அழுததா சொன்னாரு. நானும் அதை அப்படியே நம்பி எங்க கப்பல் ஆளுங்ககிட்ட, வீட்ல, ஸ்கூல் நண்பர்கள் குரூப்ல எல்லாம் சொன்னேன். "முதல்"ங்கிற அந்த ஒரு வார்த்தைலதான் எல்லா சிக்கலும்.

ஆர்கோஸ் போனது

ஒரு சனிக்கிழமை லீவு கெடச்சுது. ஏதென்ஸ் கிஃபிஸோஸ் பஸ் ஸ்டாண்டுல ஏறுனா ரெண்டு மணி நேரத்துல ஆர்கோஸ், நடுவுல கொரிந்த் கால்வாய் வரும், சரியா கண்ணு சிமிட்டுனா போயிடும். நான் மைசீனிங்கிற பழங்கால நகரத்தோட இடிபாடுகளப் பாக்கத்தான் கெளம்பினேன், எல்லாரும் அதுக்குத்தான் அந்தப் பக்கம் போறாங்க, இல்லன்னா கடல் ஓரமா அழகா இருக்கிற நாஃப்ளியோவுக்கு. ஆர்கோஸ்ல பஸ் மாறுறதோட சரி, யாரும் இறங்கி நிக்கிறதில்ல. அடுத்த பஸ்ஸுக்கு நேரம் நெறைய இருந்ததால நான் இறங்கி நடந்தேன். ஊரைச் சுத்தி எங்க பாத்தாலும் ஆரஞ்சுத் தோப்பு, அந்த நேரத்துல மரமெல்லாம் காயா தொங்குது, மேல லாரிஸா மலையில ஒரு கோட்டை, அடிவாரத்துல பாறையக் குடைஞ்சு செஞ்ச பழைய தியேட்டர். அந்த தியேட்டர்ல அந்தக் காலத்துல இருபதாயிரம் பேர் உக்காரலாம்னு சொல்றாங்க. 2011 கணக்கெடுப்புல ஆர்கோஸ் ஊரோட மக்கள் தொகை 22,000 சொச்சம். அதாவது இன்னைக்கு இருக்கிற ஊரையே கிட்டத்தட்ட முழுசா அந்தப் படிக்கட்டுல உக்கார வெச்சிடலாம். இந்தக் கணக்கு ஏன் சொல்றேன்னா பின்னாடி தேவைப்படும்.

சர்ச் சதுக்கத்துல ஒரு காஃபி கடையில உக்காந்தேன். பக்கத்து மேசைல எழுபது வயசு தாண்டுன ஒரு பெரியவர் தனியா உக்காந்திருந்தாரு. அந்த ஊர்ல வயசானவங்கள "பார்பா"ன்னு கூப்பிடுவாங்க, நம்ம பெரியப்பா சித்தப்பான்னு கூப்பிடுற மாதிரி, பெரமாவுல கத்துக்கிட்டேன். இளம் வயசுல அவரும் கப்பல்ல இருந்தாராம், அதனால உடைஞ்ச இங்கிலீஷ்ல பேச்சு ஓடுச்சு. என் போன்ல ஏதோ ஹேண்ட்பால் ஸ்கோர் வந்து நின்னதைப் பாத்துட்டு ஹாண்ட்போல் பாப்பியான்னு கேட்டாரு. நான் ரொம்பத் தெரிஞ்ச மாதிரி ஆரம்பிச்சேன், பாக்குறேன் பார்பா, ஏ.இ.கே தானே உங்க நாட்டுக்கு முதல் ஐரோப்பிய கப் கொண்டு வந்துதுன்னு. அவர் காஃபி கப்ப கீழ வெச்சாரு. கோபப்படல. "இல்ல பெதி மூ"ன்னு சொன்னாரு, என் புள்ளன்னு அர்த்தம். அப்புறம் விரலால மேசையத் தட்டித் தட்டி சொன்னாரு, "இங்க. முதல்ல இங்க வந்துது. 2012. டியோமிடிஸ்."

எனக்கு மூஞ்சி சூடாயிடுச்சு. அவரோட ஊர்ல, அவரோட சதுக்கத்துல உக்காந்து, அவர் வாழ்நாள்ல பாத்த பெரிய விஷயத்த இல்லன்னு சொல்லியிருக்கேன்.

பேரு மாறுனதுல தொலைஞ்சது

ஆர்கோஸ்ல இருக்கிற கிளப்போட பேரு டியோமிடிஸ் ஆர்கோஸ். 2011–12 சீசன்ல ஐரோப்பிய ஹேண்ட்பால் கூட்டமைப்போட சேலஞ்ச் கப்ப அவங்க ஜெயிச்சாங்க, ஃபைனல்ல சுவிட்சர்லாந்தோட வாக்கர் துன் டீம தோக்கடிச்சு. துன் லேசுப்பட்ட டீம் இல்ல, அதே சேலஞ்ச் கப்ப 2005லயே ஒரு தடவை ஜெயிச்சு வெச்சிருந்தவங்க. அதே 2012ல டியோமிடிஸ் கிரீஸ் லீக் சாம்பியனாவும் ஆனாங்க, 2014ல மறுபடியும் ஆனாங்க. ஏ.இ.கே ஜெயிச்சதுக்கு 9 வருஷம் முன்னாடி நடந்தது இது.

அப்போ அந்த வெல்டர் பொய் சொன்னாரா? இல்ல. இங்கதான் எனக்கு ரொம்ப நாளா புரியாம இருந்து அப்புறம் புரிஞ்ச விஷயம் இருக்கு. இந்தப் போட்டிக்கு மூணு பேரு. 1993ல ஆரம்பிச்சப்போ இதுக்கு சிட்டி கப்னு பேரு. 2000ல சேலஞ்ச் கப்னு மாத்துனாங்க. 2020ல மறுபடியும் மாத்தி ஐரோப்பியன் கப்னு வெச்சாங்க. புதுப் பேரு வெச்ச முதல் சீசன்லயே ஜெயிச்சது ஏ.இ.கே. அதனால "ஐரோப்பியன் கப்"ங்கிற பேரோட பாத்தா அவங்கதான் கிரீஸுக்கு முதல், கிரீஸுக்கு மட்டும் இல்ல அந்தப் பேருக்கே முதல். ஆனா போட்டி ஒண்ணுதான். வீட்டுக்குப் புது பெயிண்ட் அடிச்சுட்டா அதுக்கு முன்னாடி அங்க குடியிருந்தவங்க இல்லாம போயிடுவாங்களா? இதுல யாரும் திட்டம் போட்டு எதையும் மறைக்கல, பெரிய கிளப்புக்கு ரசிகர்கள் அதிகம், அவங்க பேசுறது அதிகம், பேசுறதுதான் கடைசில வரலாறா நிக்குது. ஆர்கோஸ்ல பேசுறதுக்கு 22,000 பேர்தான்.

இது ஐரோப்பாவுல மூணாவது படில இருக்கிற கப்தானே, சாம்பியன்ஸ் லீக் இல்லையேன்னு ஒருத்தர் கேக்கலாம், எங்க கப்பல்லயே ஒருத்தர் கேட்டாரு. நான் அப்புறம் உக்காந்து அந்தக் கப்போட லிஸ்ட்ட ஒண்ணொண்ணா பாத்தேன். பாக்கப் பாக்க எனக்கு அந்தக் கப் மேல ஒரு மரியாதையே வந்துடுச்சு. 2015ல ஜெயிச்சது ஒடோர்ஹெய், ருமேனியாவுல மலைக்கு நடுவுல ஒரு சின்ன டவுன். 2018ல ஜெயிச்சது டுர்டா, அதுவும் ருமேனியா, பழைய உப்புச் சுரங்கம் இருக்கிற ஊரு, அந்த ஃபைனல்ல தோத்தது யாருன்னா இதே ஏ.இ.கே. 2022ல ஜெயிச்சது நார்வேயோட நேர்போ, மொத்தமே ஏழாயிரம் பேரு சொச்சம் இருக்கிற ஊரு. 2024ல பிரேயஸ்காரங்களோட ஒலிம்பியாகோஸ் ஃபைனல் வரைக்கும் போயி, ரெண்டு மேட்சையும் கூட்டிப் பாத்தா சமமா நின்னு, கடைசில ஐஸ்லாந்தோட வாலுர் டீம்கிட்ட பெனால்ட்டி த்ரோல தோத்தாங்க. பெரமாவுல பாதிப்பேரு ஒலிம்பியாகோஸ் ஆளுங்க, நாங்க போனப்போ அதுக்கு ஆறு மாசம் ஆகியும் அந்தப் பேச்ச எடுத்தா மூஞ்சி வாடிடும். ஃபுட்பால்ல இந்த மாதிரி ஒரு லிஸ்ட் இனிமே வராது. ஏழாயிரம் பேரு இருக்கிற ஊரு ஐரோப்பிய கப்ப வீட்டுக்குக் கொண்டு போறது ஹேண்ட்பால்ல மட்டும்தான் நடக்குது. சிட்டி கப்னு முதல்ல வெச்ச பேரே எனக்குப் பிடிச்சிருக்கு, அது ஊருங்களோட கப்.

2012 வசந்தம்

பார்பா பேசுனதுல மேட்ச் பத்தி கொஞ்சம்தான் வந்துது, அந்த வருஷத்தப் பத்திதான் அதிகம் பேசுனாரு. 2012ன்னா கிரீஸ்ல யாரைக் கேட்டாலும் ஒரு நிமிஷம் பேசாம இருப்பாங்க. பிப்ரவரில குறைஞ்சபட்ச மாச சம்பளத்த 751 யூரோவுல இருந்து 586 யூரோவுக்கு வெட்டுனாங்க, 25 வயசுக்குக் கீழ இருந்தா இன்னும் கம்மி. மே 6ஆம் தேதி தேர்தல் நடந்துது, யாராலயும் ஆட்சி அமைக்க முடியல, ஜூன் 17 மறுபடியும் தேர்தல். நாடு யூரோவுல இருக்குமா இருக்காதான்னே தெரியாம ஜனங்க பேங்குல இருந்து காசை எடுத்துட்டு இருந்த நேரம். வேலை தேடுற இளவட்டத்துல பாதிப்பேருக்கு மேல வேலை இல்ல. பார்பாவோட பென்ஷன அந்த சமயத்துல ரெண்டு தடவை குறைச்சாங்களாம். அவர் பையனுக்கு வேலை போயி, ஜெர்மனிக்கு கெளம்ப பெட்டி கட்டிட்டு இருந்தானாம். "எங்களப் பத்தி ஐரோப்பா டிவில ஒவ்வொரு நாளும் வந்துது, எல்லாமே கடன்காரங்கன்னுதான்"னு சொன்னாரு.

அந்த வருஷத்துல, அந்த மாதிரி ஒரு ஊர்ல இருந்து ஒரு டீம் கெளம்பி ஐரோப்பா முழுக்க ஒவ்வொரு ரவுண்டா ஆடிப் போயி, கடைசில சுவிட்சர்லாந்து டீம் முன்னாடி நிக்குது. துன்னும் சின்ன ஊருதான், நாப்பதாயிரம் பேரு சொச்சம், ஏரிக்கரை, மேல ஒரு கோட்டை, பின்னாடி பனிமலை. ரெண்டு ஊருக்கும் தலைக்கு மேல கோட்டை இருக்கு. ஆனா பணக்கணக்குல ஒண்ணு ஒரு மூலை, இன்னொண்ணு எதிர் மூலை. ஃபைனல் ஒரே மேட்ச் கிடையாது, ரெண்டு மேட்ச்ல போட்ட கோல் எல்லாத்தையும் கூட்டணும், 60 நிமிஷம் 60 நிமிஷமா மொத்தம் 120 நிமிஷம். ஹேண்ட்பால்ல இது எவ்வளவு கொடுமைன்னா, மூணு கோல் லீடுங்கிறது ரெண்டு நிமிஷத்துல கரைஞ்சிடும், ஒருத்தன் ரெண்டு நிமிஷ சஸ்பென்ஷன்ல வெளிய உக்காந்தா போதும், ஏழு பேரு ஆடுற இடத்துல ஆறு பேர வெச்சு சமாளிக்கணும். ஃபுட்பால் மாதிரி பந்த வெச்சுக்கிட்டு நேரம் ஓட்டவும் முடியாது, கோலுக்குப் போகாம இழுத்தடிச்சா நடுவர் கையத் தூக்கிடுவாரு, அப்புறம் கொஞ்சம் பாஸ்தான், பந்து எதிரணிக்கு. முன்னாடி இருக்கிறவன் ஒளிஞ்சுக்க இடமே இல்லாத ஆட்டம். "நான் உக்காரவே இல்ல பெதி மூ, நின்னுட்டேதான் இருந்தேன், பையனும் பெட்டி கட்டுறத விட்டுட்டு பக்கத்துல வந்து நின்னான்"னு சொன்னாரு.

இந்த இடத்துலதான் எனக்கு ஏதோ ஆச்சு. ஸ்கோர் என்னன்னு நான் கேக்கவே இல்ல, கேக்கத் தோணல. ஜெயிச்ச அன்னைக்கு ராத்திரி அவரும் பையனும் தூங்கலையாம். அடுத்த வாரம் பையன் ஜெர்மனி போயிட்டான். போகும்போது பெட்டில டியோமிடிஸ் ஸ்கார்ஃப் வெச்சுக்கிட்டான்னு சொல்லிட்டு பார்பா எந்திரிச்சு போயி எனக்கும் சேத்து காஃபிக்குக் காசு குடுத்துட்டு வந்தாரு, நான் எவ்வளவு தடுத்தும் கேக்கல.

எறியிற ஊரு

டியோமிடிஸ்ங்கிற பேரு எங்க இருந்து வந்துதுன்னு அவர்கிட்ட கேட்டேன், அதுல அவருக்கு இருந்த சந்தோஷத்தப் பாக்கணும். ஹோமரோட இலியட்ல ஆர்கோஸ் ராஜா அவன், 80 கப்பலோட ட்ராய் சண்டைக்குப் போனவன். கிரேக்கப் படையோட பெரிய வீரன் அகிலீஸ் கோச்சுக்கிட்டு கூடாரத்துல உக்காந்திருந்தப்போ சண்டையத் தூக்கி நிறுத்துனது இவன்தான், காதல் கடவுள் அஃப்ரோடைட்டியோட கையில ஈட்டியால குத்துனான், சண்டைக் கடவுள் ஏரிஸையே காயப்படுத்தினான். ஒரு இடத்துல ரெண்டு ஆளு சேந்தாலும் தூக்க முடியாத கல்ல ஒத்த ஆளா தூக்கி ட்ராய் வீரன் ஈனியஸ் மேல எறியிறான், அது இடுப்புல பட்டு அவன் மண்டி போட்டு விழுறான். ஹேண்ட்பால் கிளப்புக்கு இதைவிடப் பொருத்தமா ஒரு பேரு எங்க கெடைக்கும்?

பார்பா அதோட நிக்கல. கி.மு. 272ல எபிரஸ் ராஜா பிர்ரஸ் ராத்திரியோட ராத்திரியா யானைப்படைய கூட்டிக்கிட்டு ஆர்கோஸுக்குள்ள புகுந்தான். ரோமையே ரெண்டு தடவை தோக்கடிச்ச ஆளு. குறுகலான தெருவுல சண்டை நடக்குது, யானை ஒண்ணு வாசல்ல விழுந்து வழிய அடைச்சுக்கிச்சு. பிர்ரஸ் ஒரு ஆர்கோஸ் வீரன வெட்டப் போறான், அந்தப் பையனோட அம்மா கூரை மேல இருந்து பாத்துட்டு கூரை ஓடு ஒண்ண ரெண்டு கையாலயும் பேத்து எடுத்து எறிஞ்சா. அது அவன் பிடரில பட்டு குதிரைல இருந்து விழுந்தான், அத்தோட கதை முடிஞ்சுது. அந்தக் காலத்துல பெரிய தளபதின்னு பேரெடுத்தவன முடிச்சது ஒரு வயசான அம்மா. "எங்க ஊர்ல எல்லாருக்கும் எறியத் தெரியும்"னு பார்பா கையத் தோளுக்கு மேல தூக்கிக் காமிச்சாரு. அந்தக் கையில இன்னும் பலம் இருந்துது.

கிளிஸ்தோ

மைசீனி பஸ்ஸ விட்டுட்டேன். போகவும் தோணல. அதுக்குப் பதிலா பார்பா வழி சொன்ன கிளிஸ்தோவுக்குப் போனேன், உள்ளரங்க ஸ்டேடியத்த அங்க அப்படித்தான் சொல்றாங்க, மூடினதுன்னு அர்த்தம். உள்ள பத்துப் பன்னெண்டு வயசுப் பசங்க ப்ராக்டீஸ். கதவு பக்கத்துல நின்னேன், கோச் தலையாட்டுனாரு, உள்ள போயி பெஞ்சுல உக்காந்தேன். ஷூ கிறீச்சுங்கிற சத்தமும் பிசின் வாசனையும். ஹேண்ட்பால்ல பந்து கையில நிக்கிறதுக்காக விரல்ல பிசின் தடவிக்குவாங்க, கிரேக்கத்துல அதுக்கு கோலான்னு பேரு, பசைன்னு அர்த்தம். அந்த நாட்டுல பைன் மரப் பிசின வைன்ல கூடப் போட்டுக் குடிக்கிறாங்க, அந்த வாசனை அவங்களுக்கு வீட்டு வாசனை மாதிரி இருக்கும் போல.

1979லதான் கிரீஸ்ல ஹேண்ட்பாலுக்குன்னு தனி ஃபெடரேஷனே வந்துது, மத்த ஐரோப்பாவோட ஒப்பிட்டா ரொம்ப லேட். ஃபுட்பாலும் பாஸ்கெட்பாலும் எல்லாக் காசையும் எடுத்துக்குது. அப்படியிருந்தும் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ்ல ஆண்கள் டீம் ஆறாவது வந்துது, அடுத்த வருஷம் துனிசியாவுல நடந்த உலகப் போட்டிலயும் ஆறாவது. அதுக்கப்புறம் 2024ல ஜெர்மனிலதான் முதல் தடவையா யூரோங்கிற ஐரோப்பிய நாடுகளோட போட்டிக்கே போனாங்க. நடுவுல இருந்த அந்த வறண்ட வருஷங்கள்ல கிரேக்க ஹேண்ட்பால் ஐரோப்பாவுல முதல்ல தலை நிமிந்து நின்னது ஆர்கோஸ்லதான். இப்போ ஏதென்ஸ்லயும் பிரேயஸ்லயும் இருக்கிற பெரிய கிளப்புங்க முன்னாடி வந்துட்டாங்க, காசு அங்க இருக்கு, அது அப்படித்தான் நடக்கும். எனக்கு அதுல குறை இல்ல. பின்னாடி வந்தவங்க பேரச் சொல்லும்போது முன்னாடி போனவங்க பேரையும் சொல்லணும்னுதான் கேக்குறேன்.

ப்ராக்டீஸ் முடிஞ்சு ஒரு பந்து உருண்டு என் காலுகிட்ட வந்துது. எடுத்துக் குடுத்தேன், கையில பசை ஒட்டிக்கிச்சு. குட்டிப் பையன் ஒருத்தன் எஃப்ஹரிஸ்தோன்னு தேங்க்ஸ் சொல்லிட்டு ஓடுனான்.

திரும்பி வர்ற பஸ்ல வெல்டருக்கு மெசேஜ் போட்டேன், டியோமிடிஸ், 2012, சேலஞ்ச் கப், அதே போட்டிதான், பேருதான் மாறியிருக்குன்னு. கால்வாய் தாண்டுற வரைக்கும் பதில் இல்ல, அவருக்கு வருத்தமாயிடுச்சோன்னு எனக்கு ஒரு மாதிரி இருந்துது. ஏதென்ஸ் கிட்ட வரும்போதுதான் வந்துது. "ஆமா. நான் அந்த ஃபைனல பாத்தேன். எப்படி மறந்தேன்னு தெரியல." அதுக்குக் கீழ இன்னொண்ணு. "திங்கட்கிழமை யார்டுல எல்லார்கிட்டயும் நானே சொல்லிடுறேன்."

சொன்னாரு. நானும் இப்போ சொல்லிட்டேன். அந்தத் தகவல என்கிட்ட இருந்து வாங்கி ஃபார்வர்ட் பண்ணுன அண்ணன் இதைப் படிச்சா, தயவு செஞ்சு இதையும் அந்தப் பத்து பேருக்கு அனுப்பிடுங்க.